ஒய்யை முதலில் தனியாக்குங்கள்

வணக்கம். 2எக்ஸ் − 3ஒய் = 12 என்ற கோட்டுக்குச் சாய்வு 2, ஒய் வெட்டுத்துண்டு (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) 12 என்று எழுதி மதிப்பெண் இழந்ததாகச் சொல்கிறீர்கள். ஒய்யைத் தனியாக்காமலே விடை எடுத்துவிட்டீர்கள், பிழை அங்கேதான். −3ஒய் = −2எக்ஸ் + 12. இனி எல்லா உறுப்புகளையும் −3 ஆல் வகுக்க வேண்டும். அந்த 12-ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒய் = (2/3)எக்ஸ் − 4. ஆக, சாய்வு 2/3, வெட்டுத்துண்டு −4. எக்ஸுக்கு 0 இட்டுச் சரிபாருங்கள்.

குன்னூரில் இருக்கிறீர்கள் அல்லவா? கல்லாரிலிருந்து பல்சக்கரத்தின் பிடிப்பில் உங்கள் ஊருக்கு ஏறும் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மிகச் செங்குத்தான இடத்திலும் அதன் சாய்வு ஏறத்தாழ 1/12தான்: 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் ஏற்றம். உங்கள் கோடோ 3 போனால் 2 ஏறுகிறது!