வேக்யூம் தெரபி: முதல் சிட்டிங்கில் குறைந்த அங்குலம் எங்கே போனது?

கேள்வி: வயது 34. இரண்டாவது பிரசவம் சிசேரியன், முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தொடையிலும் பின்பக்கத்திலும் தோல் குழிகுழியாக இருக்கிறது, வயிறும் தொங்குகிறது. ஸ்லிம்மிங் சென்டரில் வேக்யூம் தெரபி 12 சிட்டிங் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் சிட்டிங் முடிந்ததுமே தொடையில் ஓர் அங்குலம் குறைந்ததாக டேப் வைத்துக் காட்டினார்கள். இதில் கொழுப்பு கரையுமா? ஆன்லைனில் கப் மெஷின் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

பதில்: வேக்யூம் தெரபி என்பது மெஷினால் தோலை உறிஞ்சி இழுப்பது. வெறும் உறிஞ்சலால் கொழுப்பு கரையாது. முதல் நாள் டேப்பில் குறைந்தது பெரும்பாலும் நீர். தோலுக்கு அடியில் திசுக்களுக்கு நடுவே தேங்கியிருக்கும் நீரை மெஷின் நிணநீர்க் குழாய்களுக்குள் தள்ளிவிடுகிறது. ஓரிரு நாளில் அது பழைய இடத்துக்கே வந்துவிடும். டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலும் மிருதுவான தொடையில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சுலபமாக வரும்.

அதற்காக இந்தச் சிகிச்சையே பயனற்றது என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1980களில் பிரான்சைச் சேர்ந்த லூயி-பால் கிதே, தழும்புகளைத் தளர்த்தும் மசாஜுக்காக உருவாக்கிய கருவிதான் இதன் முன்னோடி. இரண்டு உருளைகளுக்கு நடுவே தோலை மடிப்பாக உறிஞ்சி இழுத்து, உருட்டிக்கொண்டே போகும். இறுகிய தழும்பு இளகுவதற்கு இது உண்மையிலேயே உதவுகிறது. குழித்தோல் விஷயத்தில், இந்த வகைக் கருவிக்கு 1998இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தந்த அனுமதி, குழிகளின் தோற்றத்தைத் தற்காலிகமாகக் குறைப்பதற்கு மட்டுமே.

தற்காலிகம் ஏன் என்றால், குழிக்குக் காரணம் கொழுப்பு மட்டும் அல்ல. தோலையும் ஆழத்தில் உள்ள சதை உறையையும் இணைக்கும் நார்ப்பட்டைகள் பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக ஓடுகின்றன. இலவம்பஞ்சு மெத்தையில் நூல் போட்டு இழுத்த இடம் போல, பட்டை பிடித்திருக்கும் இடம் உள்ளே போகும். சுற்றியுள்ள கொழுப்பு வெளியே பிதுங்கும். ஒல்லியான பெண்களுக்கும் குழி இருப்பது இதனால்தான். உறிஞ்சல் இந்தப் பட்டைகளை நீட்டித் தளர்த்தும், அறுக்காது. எனவே வாரம் 2 சிட்டிங், ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம் என்று எடுக்கும்வரை தோல் வழவழப்பாகத் தெரியும்; நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஆகும்.

உங்கள் சென்டரில் என்ன மெஷின் என்று முதலில் கேளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சிகிச்சைகளை விற்கிறார்கள். உருளைத் தலை உள்ளதைத்தான் மேலே சொன்னோம். பின்பக்கத்தில் இரண்டு பெரிய கப்களைக் கவிழ்த்து உறிஞ்சும் ‘பட் லிஃப்ட்’ இன்னொன்று. அதில் எழுந்து நிற்பது வீக்கம்தான், சதை கூடவில்லை; சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் வடிந்துவிடும். பின்பக்கம் நிலையாக உருண்டு வர, எடை வைத்துச் செய்யும் ஸ்குவாட், ஹிப் த்ரஸ்ட் போன்ற பயிற்சிகள்தான் வழி. கொழுப்பை உறைய வைக்கும் கூல்ஸ்கல்ப்டிங் வகையிலும் வேக்யூம் உண்டு. அங்கே அது மடிப்பைப் பிடித்துக்கொள்ள மட்டும்; கொழுப்புச் செல்களை அழிப்பது குளிர். அதன் பலன் தெரிய 2 முதல் 3 மாதம் ஆகும். ஆகவே அந்த வகையிலும் ‘அன்றே ஓர் அங்குலம்’ சாத்தியமில்லை.

வேக்யூமுடன் ஆர்.எஃப். (ரேடியோ அலை) சூடும் சேர்ந்த மெஷின் என்றால் உங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சிசேரியன் தழும்பைச் சுற்றி உணர்ச்சி மரத்திருப்பது சகஜம். சூடு அதிகமானால் உங்களால் சொல்ல முடியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பஞ்சை வைத்துத் தடவிப் பாருங்கள். உணர்வு இல்லாத இடத்தில் ஆர்.எஃப். வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காப்பர் டி போட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வயிற்றில் எதையும் வைப்பதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல்களை வையுங்கள். இரண்டு விரல் அல்லது அதற்கு மேல் உள்ளே இறங்கினால் வயிற்றுத் தசைகள் பிரசவத்தில் விலகி, இன்னும் சேரவில்லை. வயிறு தொங்குவதற்கு அதுதான் காரணம் என்றால் எத்தனை சிட்டிங் எடுத்தாலும் பலன் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். தொப்புளிலோ தழும்பிலோ முட்டை போலப் புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம். அங்கே உறிஞ்சவே கூடாது, முதலில் அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்கட்டும்.

அதிகம் கெட்டுப்போவது அழுத்தத்தில். மீட்டரில் எந்த அலகு என்று பார்க்காமலே பலர் திருகுகிறார்கள். மீட்டர் 30 காட்டுகிறது என்றால், அது கிலோபாஸ்கலாக இருந்தால் சுமார் 225 மி.மீ. பாதரசம், செ.மீ. பாதரசமாக இருந்தால் 300; அங்குலப் பாதரசமாக இருந்தால் 760ஐத் தொடும், அதாவது கிட்டத்தட்ட முழு வெற்றிடம்! முதல் முறை 100 முதல் 150 மி.மீ. பாதரசம் போதும். அதையும் விட்டு விட்டுத்தான் இழுக்க வேண்டும்: 2 நொடி இழுப்பு, 1 நொடி தளர்வு. கப்பை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடையும்.

நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. கப் எடுத்ததும் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். நிறம் வெளிறித் திரும்பினால் சரி. அழுத்தியும் மறையாத புள்ளிகள் இருந்தால் ரத்தம் தோலுக்குள் கசிந்துவிட்டது. அன்று அதோடு நிறுத்துங்கள். முழுதாக மறையும்வரை அடுத்த சிட்டிங் கூடாது. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கன்றினால் கருந்திட்டு விழும், போக மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு இதைத் தொடங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை என்பதுதான் வருத்தம். சிட்டிங்குக்கு முந்தைய 24 மணி நேரத்தில் வேக்ஸிங்கும் வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர்கள், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் அனுமதியின்றித் தொடவே கூடாது. சுருண்ட ரத்தநாளம் (வெரிகோஸ் வெயின்) புடைத்த இடத்திலும் வைக்கக் கூடாது.

12 சிட்டிங்குக்கும் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். நாலு மட்டும் எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். முழங்கால் சிப்பியின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் குறி. காலையில், சிறுநீர் கழித்த பின், நின்றபடி, டேப் தோலைத் தொட்டும் அழுத்தாமலும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். கடைசி சிட்டிங் முடிந்து 72 மணி நேரம் கழித்து மறுபடி அதே மாதிரி. ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோவும் எடுத்து வையுங்கள். குழி தெரிவது பக்க வெளிச்சத்தில்தான். நேர் ஃப்ளாஷ் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மூன்று நாள் கழித்தும் போட்டோவில் வித்தியாசம் இருந்தால் தொடரலாம்.

வீட்டு மெஷினைப் பொறுத்தவரை, அழுத்தம் அலகோடு தெரியாத, உடனே காற்றை விடும் வால்வு இல்லாத எதையும் வாங்காதீர்கள். தொடைக்கு மட்டும், நிறைய எண்ணெய் தடவி, முழங்காலிலிருந்து தொடை இடுக்கை நோக்கி மேல்முகமாக நகர்த்துங்கள். ஒரு தொடைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விளிம்பு உடைந்த கப்பைத் தூக்கிப் போடுங்கள், கொப்புளம் அங்கேதான் தொடங்கும். வயிற்றில் வீட்டு மெஷின் வேண்டவே வேண்டாம். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தால் மெஷினையும் மசாஜையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.