தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் தமிழைப் பிழையாக எழுதுகிறவர்களைத் திருத்தலாமா?

“திருத்தினால் கோபப்படுகிறார்கள், விட்டுவிடுவதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் மாறுகிறதென்றால் திருத்துங்கள். மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

“நாளைக்கு மலையில் வேலை இல்லை” என்று ஒருவர் போடுகிறார். அவர் நினைத்தது மழை. தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கும் இடம், ‘எட்டாம் நம்பர் மலை’ என்கிறோமே, அது. மழை பெய்தால்தான் வேலை இல்லை என்பது ஒரு செய்தி. வெயில் அடித்தாலும் கொழுந்து பறிப்பு இல்லை என்பது வேறு செய்தி. இந்த ஓர் எழுத்தை உடனே, குழுவிலேயே திருத்த வேண்டும். “லயத்துக் கூறை பறந்துவிட்டது” என்பதும் அப்படித்தான். லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு. கூரை அதன் மேல் தகரம், கூறை கல்யாணச் சேலை. குழுவில் யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் அதே வரி பிரதேச செயலகத்துக்குப் போகும் நிவாரணக் கடிதத்தில் ஏறுமுன் சரிசெய்துகொள்வது நல்லது.

‘கொளுந்து’ என்று எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம். குரல்வழித் தட்டச்சு காதில் விழுந்தபடி எழுதும். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் விசைப்பலகை, தான் நினைத்த ல, ள, ழ-வைப் போட்டுவிடும். சிங்கள மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல்: சிங்களத்தில் ல, ள இரண்டுக்கும் எழுத்து உண்டு, ழ இல்லை.

திருத்துகிறவர்கள் அதிகம் சறுக்குவது ஒற்றில், அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவில் வரும் க், ச், த், ப்-இல். ‘கொழுந்துப் பறித்தாள்’ என்று ஒரு ப்-ஐச் செருகிவிட்டு, அதுதான் சுத்தத் தமிழ் என்பார்கள். தவறு. ‘ஐ’ உருபு மறைந்திருந்து, அடுத்து வினை வந்தால் வல்லினம் மிகாது: கொழுந்து பறித்தாள். உருபு வெளியே தெரிந்தால் மிகும்: கொழுந்தைப் பறித்தாள். அதே கொழுந்தோடு கூடை சேரும்போது, ‘கொழுந்துக்கான கூடை’ என்ற பொருள் உள்ளே மறைந்திருப்பதால், கொழுந்துக் கூடை. இந்த மூன்றையும் தயங்காமல் பிரித்துச் சொல்ல முடியாதவர் அடுத்தவர் ஒற்றில் கைவைக்காமல் இருப்பதே மேல்.

பிழையே இல்லாததைத் திருத்துவது இதைவிட மோசம். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) எல்லாம் இலங்கை மலையகச் சொற்கள். ஊர்ப்பெயரில் அட்டன், ஹட்டன் இரண்டும் வழக்கில் உண்டு. தலவாக்கலை, தலவாக்கொல்லையும் அப்படியே. இன்டர்நெட்டை யாழ்ப்பாணத்தவர் ‘இன்ரநெற்’ என்று எழுதுவது அவர்கள் மரபு. ‘பிள்ளைங்க வந்துச்சு’ பேச்சு, அதில் ஒருமை பன்மை தேடக் கூடாது. ஆள்பெயரில் கைவைக்கவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ‘ராமாயி’ என்றிருந்தால், இலக்கணத்துக்காக இகரம் சேர்த்து ‘இராமாயி’ ஆக்கினால் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரவ அமைச்சர்’ என்பதை ஒற்றைக்கொம்பு, க, அடுத்து ள என்று தட்டி ‘கெளரவ’ ஆக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கணினியில் தேடினால் சிக்காது. ஔகாரக் குறிக்கென்று தனி விசை இருப்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

திருத்தும் விதம்: முதலில் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். “கொளுந்து நிறுவை எத்தனை மணிக்கு?” என்று கேட்டால், “கொழுந்து நிறுவை நாலு மணிக்கு” என்று எழுதுங்கள். கவனிப்பவர் பிடித்துக்கொள்வார். திரும்பத் திரும்ப வந்தால் தனிச்செய்தியில் ஒரே ஒரு சொல், சரியான வடிவம், ஒரு வரிக் காரணம். அதற்குமேல் வேண்டாம். ஐந்து பிழையைச் சேர்த்துச் சொன்னால் அடுத்த நாளிலிருந்து அவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதத் தொடங்கிவிடுவார்.

கண்டிப்பெல்லாம் அரச பெயர்ப்பலகைக்கும் சுற்றறிக்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் பிழையாக வருவது சலுகைக்குரிய விஷயமல்ல. படம், இடம், திகதி, சரியான வடிவம் நான்கையும் சேர்த்து உரிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அசையாவிட்டால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். சரியான வடிவத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘பிழை இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால், புதுப் பலகை புதுப் பிழையோடு வரும்.