போ என்றால் போய்விட வேண்டுமா? குடும்ப வன்முறை: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் கேட்டவை. பதில் சொல்பவர், இந்த வழக்குகளை நடத்திவரும் ஒரு பெண் வக்கீல்.

ஆச்சி, எங்களுடையது பங்காளிகள் சேர்ந்து இருக்கும் பங்கு வீடு. எங்கள் பங்கு மாமனார் பெயரில் இருக்கிறது. அடித்துவிட்டு, "உனக்கு இங்கே என்ன இருக்கு, போ" என்கிறார்கள். (தேவகோட்டை)

போகாதீர்கள், அம்மா. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீங்கள் மணமாகி வந்து குடும்பம் நடத்திய வீட்டில் வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டிய உங்கள் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்களா? வெளியேற்றக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்கலாம். அங்கே இருப்பதே ஆபத்து என்றால், வேறு வீடோ அதற்கு வாடகையோ தரச் சொல்லியும் கேட்கலாம்.

ஸ்டேஷனில் "பேசித் தீர்த்துக்கோங்க" என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அவரை ஜெயிலுக்கு அனுப்பவும் எனக்கு மனசில்லை. (கானாடுகாத்தான்)

இப்படி எழுதி வாங்குவதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அடுத்த அடியை அந்தக் காகிதம் தடுக்காது, நீதிமன்ற உத்தரவு தடுக்கும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததைச் சொன்னால் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள். இந்த மனுவால் அவர் ஜெயிலுக்குப் போகமாட்டார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும்.

சீர்ச் சாமானும் நகையும் அங்கேயே கிடக்கின்றன. (கோட்டையூர்)

அவை உங்கள் சொத்து. அதே மனுவில் திருப்பிக் கேளுங்கள். சாமான் சிட்டை (சீர்ச் சாமான் பட்டியல்), நகைக்கடை பில், கல்யாணப் படம், எது கிடைத்தாலும் நகல் எடுத்து உங்கள் ஆத்தாளிடம் கொடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டில் ராத்திரி அலறல் கேட்கிறது. சொன்னால் எங்கள் மேல் கேஸ் வருமா? (பள்ளத்தூர்)

வராது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் சட்டப் பொறுப்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அலறல் கேட்கும்போதே அவசர உதவி எண் 112-க்கு போன் அடியுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தால் பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள்.