ஸ்மாஷில் தாவும் புள்ளி: கணிப்பு மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: சிறிய பாட்மின்டன் பயிற்சி மையம் நடத்துகிறேன். பிள்ளைகள் ஆடுவதை மொபைலில் எடுத்து, மீடியாபைப் (உடலின் மூட்டுகளைப் புள்ளிகளாகக் குறித்துக் காட்டும் கூகுளின் இலவச மென்பொருள்) வைத்து ஒரு மாணவர் எழுதித் தந்த புரோகிராமில் போட்டுப் பார்க்கிறோம். ஸ்மாஷ் அடிக்கும்போது மணிக்கட்டுப் புள்ளி தலைக்கோ தோளுக்கோ தாவிவிடுகிறது. உடலின் அடுத்த அசைவை முன்கூட்டியே கணிக்கும் ஏஐ மென்பொருள் இதைச் சரிசெய்யும் என்று ஒருவர் லட்சக்கணக்கில் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆட்டம் முடிந்த பிறகுதானே வீடியோவைப் பார்க்கிறீர்கள்? கை எங்கே போனது என்பது அடுத்தடுத்த ஃபிரேம்களிலேயே, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்திலேயே, இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு ஜோசியரிடம் போவானேன்? முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை வைத்து நடுவில் விட்டதை நிரப்ப, அந்த மாணவரே நாலு வரி எழுதித் தருவார்.

கோளாறு கேமராவில் இருக்கிறது. மணிக்கட்டு நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 33 செ.மீ. கடந்துவிடும். உள்ளரங்க வெளிச்சம் போதாமல் மொபைல் ஷட்டரை 1/60 நொடி திறந்து வைத்தால், கை 17 செ.மீ. நீளத்துக்கு இழுபட்ட கறையாகத்தான் பதியும். கறையில் மணிக்கட்டை யார் கண்டுபிடிப்பது? புரோ மோடில் ஷட்டரை 1/500 நொடிக்கு வையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், முடிந்தால் 120 ஃபிரேமில் எடுங்கள். பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

நேரலையில், ஆடும்போதே திரையில் காட்ட வேண்டும் என்றால் மட்டும் கணிப்பு தேவைப்படும். அப்போது அடுத்த ஃபிரேம் கையில் இருக்காது. கை உடம்புக்குப் பின்னால் மறைந்தால் ஊகித்துத்தான் ஆக வேண்டும். அதற்கும் 1960-இல் வந்த கால்மன் ஃபில்டர் என்ற கணக்கு முறை இலவசமாகவே கிடைக்கிறது. போன வேகத்திலேயே கை தொடரும் என்று வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஃபிரேம்களைச் சமாளிக்கும். ஸ்மாஷில் கை சட்டென்று திரும்பினால் அதுவும் தப்பும். பெரிய நியூரல் மாடல்கள் (அசைவைக் கணிக்கும் ஏஐ) மட்டும் என்ன வாழ்ந்தது? 2017-இல் வந்த ஓர் ஆய்வில், ஆள் கடைசி நிலையிலேயே அசையாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டதே, குறுகிய நேரக் கணிப்பில் அன்றைய மாடல்களை முந்தியது.

இலவச மாடலுக்கு மேல் கலர் கலராக ஒரு திரையைப் போர்த்தி லட்சத்துக்கு விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். மானியம் கொடுப்பவர்களும் விண்ணப்பத்தில் ‘ஏஐ’ இருக்கிறதா என்று தேடுகிறார்களே தவிர, உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள். மீடியாபைப் போலவே உடல் புள்ளிகளைக் குறிக்கும் ‘ஓப்பன்போஸ்’ என்று பதில் வந்தால் உஷார். அது ஆராய்ச்சிக்குத்தான் இலவசம். வணிக உரிமம் தனி, அந்த உரிமமும் விளையாட்டுத் துறைக்குச் செல்லாது. உரிமம் எது என்று எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.