சந்து வீட்டைக் காலி செய்யலாமா?

கேள்வி: என் சொந்த ஊர் கோவை. கணவருக்கு மெக்சிகோவில், சிலாவோ நகரின் கார் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து ஊரான குவானஹுவாத்தோவின் அழகில் மயங்கி, மலைச்சரிவில் ஒரு சந்து வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டோம். படியேறிக் கால் ஓய்ந்துபோகிறது. விடியற்காலையில் வெடிச் சத்தம், இரவில் சந்துக்குள் பாட்டுக் கூட்டம். சைவம் என்று சொன்னால் ஹோட்டலில் புரிவதில்லை. ஸ்பானிஷ் தெரியாததால் யாரோடும் பேச்சில்லை. எதிர்வீட்டுப் பாட்டி தினமும் ஏதோ சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். ஐந்து வயது மகளும் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். பக்கத்துப் பெருநகரமான லெயோனில் காவலாளி உள்ள குடியிருப்புக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர். போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி.

படியையும் வெடியையும்விட என்னை உறுத்தியது அந்தப் பாட்டியைப் பற்றிய வரிதான். அவர் சொல்வது அநேகமாக 'புவெனாஸ் தார்தெஸ்' என்ற வணக்கமாக இருக்கும். அந்த ஊரில் சந்தில் எதிர்ப்படுபவருக்கும், கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரருக்கும், மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்கும்கூட வணக்கம் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். வாய் திறக்காமல் கடந்துபோனால், உங்கள் கூச்சம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. மதிக்கவில்லை என்றுதான் படும்.

நாளை முதல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். நண்பகல் வரை 'புவெனோஸ் தியாஸ்', பிறகு இருட்டும் வரை 'புவெனாஸ் தார்தெஸ்', இருட்டிய பின் 'புவெனாஸ் நோச்செஸ்'. ஒரு கணம் நின்று, முகம் பார்த்து, 'சென்யோரா' (அம்மா) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மகளையும் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை வாயால் கேட்ட வணக்கத்துக்கு மனம் இளகாத பாட்டி எந்த ஊரிலும் இல்லை.

மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வண்டி நுழையாத சந்தில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனும் காஸ் சிலிண்டரும் ஆள் தோளில்தான் ஏறி வரும். அந்த ஆள் எந்தக் கிழமை வருவார், குப்பையை எங்கே வைப்பது, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? இவை எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருக்காது. அந்தப் பாட்டிக்குத் தெரியும்.

மகளை வீட்டில் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மெக்சிகோவில் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாலர் பள்ளி கட்டாயக் கல்வியிலேயே அடங்கும். அரசுப் பள்ளியில் கல்வி இலவசம். உடனே சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அவள் ஸ்பானிஷ் பேசுவாள். நீங்களும் குவானஹுவாத்தோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கான ஸ்பானிஷ் வகுப்பை விசாரியுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. மசித்த பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். சிவப்புச் சோறு பல இடங்களில் கோழிச் சாற்றில் வெந்திருக்கும். சமைப்பவர்கள் அதை இறைச்சியாகவே எண்ணுவதில்லை. 'சின் மந்தேக்கா' என்றால் கொழுப்பில்லாமல். 'சின் கால்தோ தே போயோ' என்றால் கோழிச் சாறு இல்லாமல். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றபடி, 1910இல் திறந்த இதால்கோ சந்தைக்கு ஒரு காலைப் பொழுதில் போய்ப் பாருங்கள். மெக்சிகோ சந்தைகளில் புளி உண்டு, கொத்துமல்லி உண்டு, பச்சை மிளகாய் உண்டு. 'வெர்தோலாகா' என்று விற்பது நம் பருப்புக்கீரையேதான். சோள ரொட்டியான தோர்த்தியா சுடச்சுடக் கிடைக்கும். அதற்குப் பருப்புக்கீரைக் கடைசல் எவ்வளவு பொருத்தம் என்று சாப்பிட்டுப் பாருங்கள். ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும். குக்கர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு மெதுவாகத்தான் பொங்கும். அறைக்கு மின் ஹீட்டரை இஷ்டத்துக்கு ஓடவிடாதீர்கள். தொடர்ந்து அளவு மீறினால் மின்சார மானியம் போய், கட்டணம் எகிறிவிடும்.

வெடி, தேவாலயத் திருவிழாக்களுக்கானது. பாட்டுக் கூட்டம், பழைய ஸ்பெயின் உடையணிந்த இசைக்குழுக்கள் பின்னால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போவது. இரண்டும் நிற்காது. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். 1972 முதல் அக்டோபரில் நடந்துவரும் செர்வந்தீனோ கலைவிழாவின்போது நெரிசல் இன்னும் அதிகம். அந்த வாரக் கடைசிகளில் வெளியூர் போய்வரலாம்.

ஆனால் புனித வெள்ளிக்கு முந்தைய வெள்ளியன்று மட்டும் ஊரிலேயே இருங்கள். அன்று வியாகுல மாதாவுக்கு வீடுகளில் பீடம் அலங்கரித்து, பார்க்க வருபவர்களுக்குப் பழச்சாறும் ஐஸும் கொடுப்பார்கள். நம் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்குவது போலத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள்.

படிகள் ஏறும் சிரமத்துக்கும் வழி உண்டு. நகரைச் சுற்றி மலைமேல் 'பனோராமிக்கா' என்றொரு சாலை போகிறது. உங்கள் வீடு மேட்டில் இருப்பதால், கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது டாக்ஸியில் அந்தச் சாலைக்கு வந்து, வீட்டுக்கு இறங்கி நடக்க முடிகிறதா பாருங்கள். மூட்டை முடிச்சோடு ஏறும் வேலை மிச்சம்.

வாடகை ஒப்பந்தம் முடியும்வரை இப்படி வாழ்ந்து பாருங்கள். பிறகும் முடியவில்லை என்றால், லெயோனுக்குப் போகும்முன் இதே ஊரில் மார்ஃபில் பகுதியில் வீடு தேடுங்கள். கார் வாசல்வரை வரும் வீடுகள் அங்கே உண்டு. சிலாவோ போகும் வழியில் இருப்பதால் கணவருக்கும் பயணம் குறையும்.