கணினி வியூக விளையாட்டுகளில் வரும் வேடிக்கையான போர் முதுமொழிகள், சினிமா வசனங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? அவை ஆட்டத்துக்கு உண்மையிலேயே பயன்படுகின்றனவா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாகப் பயன்படுகின்றன. நல்ல வேடிக்கை வசனம் அந்த ஆட்டத்தின் ஒரு விதியை மடியில் கட்டிக்கொண்டு வரும். விதி மறந்தாலும் வசனம் மறக்காது. எனக்குப் பிடித்தவை எல்லாமே அந்த வகைதான்.

2004-இல் திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். எங்கள் வராந்தாவில் ஆறு அறைகளுக்கும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச், ஜன்னல் வழியாக இழுத்த லேன் வயர். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஊர் கட்டிப் படை திரட்டி மோதும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஓடும். அது 1999-இல் வந்த ஆட்டம் என்பதால் எங்கள் பழைய கணினிகளே அதற்குப் போதும். அதில் அரட்டைப் பெட்டியில் ஓர் எண்ணைத் தட்டினால், பதிவு செய்து வைத்த குரல் ஒன்று எல்லாருடைய ஸ்பீக்கரிலும் கேட்கும். 1 என்றால் ஆமாம், 2 என்றால் இல்லை. 3 தட்டினால் உணவு கேட்கிறோம், 4 மரம், 5 தங்கம், 6 கல். 11 ஒரு பெரிய சிரிப்பு. 14, 'சீக்கிரம் ஆட்டத்தை ஆரம்பிங்கப்பா' என்ற சலிப்பு.

சண்டை நடக்கும்போது மவுஸிலிருந்து கையை எடுக்க நேரம் இருக்காது. வாக்கியம் தட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் கோட்டை விழுந்துவிடும். ஓர் எண்ணைத் தட்டுவதற்கு ஒரு நொடி போதும். அதனால் வேடிக்கைக்காக வைத்த குரல்கள் எங்களுக்கு ஒரு மொழியாகவே ஆகிவிட்டன. மெஸ்ஸில் தோசை வர நேரமானால் யாராவது தட்டைத் தட்டி "பதினாலு" என்பான். ஒருவன் வைவாவில் உளறியதைச் சொன்னால் மேசை முழுக்க "பதினொண்ணு" கேட்கும். சமையல்கார அண்ணனுக்கே பதினாலுக்கு அர்த்தம் தெரியும். "வருது வருது" என்பார்.

அந்தப் பட்டியலில் 30-க்கு ஒரு தனிக் கதை உண்டு. அது 'வொலோலோ'. 1997-இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பூசாரி எதிரிப் படைவீரனைப் பார்த்து இப்படி ஓதுவார். ஓதி முடித்ததும் எதிராளியின் வீரன் சட்டென்று நிறம் மாறி நம் பக்கம் வந்துவிடுவான். எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒலி அது. இரண்டாம் பாகத்தில் துறவிகளுக்கு வேறு ஒலி கொடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய ஒலியை விட மனமில்லாமல் 30-ஆம் எண்ணில் வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2020-இல் தொடங்கிய ஒரு பெரிய போட்டித் தொடருக்கு ரெட் புல் வொலோலோ என்றே பெயர் வைத்தார்கள். உலகத்தின் எந்த மூலையில் இந்த ஆட்டத்தை ஆடியவரிடமும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

போர் மொழிகளுக்கு வருகிறேன். அமெரிக்க ராணுவத்தில் புழங்கும் 'மர்ஃபியின் போர் விதிகள்' என்ற பட்டியல்தான் இவற்றில் பலவற்றுக்குத் தாய்வீடு. மர்ஃபி என்பவர் எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர். 1949-இல் கலிஃபோர்னியா பாலைவனத்தில் இருந்த விமானப்படைத் தளத்தில் ராக்கெட் வண்டிச் சோதனைகள் நடந்தபோது, 'தப்பாகப் போக வழி இருந்தால் தப்பாகத்தான் போகும்' என்ற விதி அவர் பெயரில் கிளம்பியது. சிப்பாய்கள் அதை எடுத்துத் தங்கள் பிழைப்புக்கு ஏற்றபடி நீட்டிக்கொண்டார்கள். 'ஐந்து நொடித் திரி மூன்று நொடிதான் எரியும்.' 'எதிரி உன் ஆயுதம் எட்டும் தூரத்தில் இருந்தால் நீயும் அவன் ஆயுதம் எட்டும் தூரத்தில் இருக்கிறாய்.' 'முக்கியமில்லாதவன் போலக் காட்டிக்கொள், எதிரியிடம் தோட்டா குறைவாக இருக்கலாம்.' இவற்றை நான் முதலில் படித்தது கால் ஆஃப் டூட்டியில். அது சுடும் ஆட்டம், வியூக ஆட்டம் அல்ல. நம் வீரன் செத்து விழுந்ததும் திரையில் இந்த வரிகள் வரும். செத்த காரணத்தையே சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அனுப்பி வைப்பார்கள்.

ஆனால் இந்த வரிகளுக்கு முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில்தான். ஆயுதம் எட்டும் தூரத்தைப் பற்றிய விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையின் அம்பு எட்டுக் கட்டம் போகும், எல்லா மேம்பாடும் செய்தால் பதினொன்று. ட்ரெபுஷே என்ற பெரிய கல்லெறி இயந்திரத்தின் கல் பதினாறு கட்டம் போகும். அந்த விதியை உடைப்பதற்கென்றே பிறந்த இயந்திரம் அது. கோட்டைக்காரன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், வெளியே வந்து அடித்தால் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. அந்தச் சிறிய சிப்பாய் மொழியை மனதில் வைத்தால், ட்ரெபுஷே ஏன் அவ்வளவு விலை, ஏன் அதைக் காக்கக் குதிரைப்படை நிற்க வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

இன்னொன்று, 'நேசப்படையின் குண்டுக்கு நேசம் கிடையாது' என்ற பொருளில் வரும் மொழி. மேங்கொனல் என்ற கல்லெறி வண்டி நம் ஆட்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் எறிந்தால் அவர்களையும் சேர்த்தே நசுக்கும். எங்கள் விடுதியில் ஒரு சீனியர் இருந்தார், திண்டுக்கல்காரர். அவர் சொல்லும் வாசகம், "மேங்கொனலுக்குச் சொந்தபந்தம் தெரியாது தம்பி." ராணுவத்தின் அந்த ஆங்கில வரி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அடிபட்டுத் தானாகக் கண்டுபிடித்தார். இப்படி அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது. "செம்மறி தீருமுன் பண்ணை போடு." ஆட்டத் தொடக்கத்தில் கிடைக்கும் ஆடுகள் தீர்ந்து, வயல் தயாராக இல்லாவிட்டால் ஊரே பட்டினி என்பது அதன் சாரம். "ஒத்தையாப் பன்றிக்குப் போகாதே." காட்டுப்பன்றியை ஒரு குடியானவன் தனியாக நின்று அடித்தால் அது அவனைக் கொன்றுவிடும். ஒரு அம்பு விட்டு, துரத்த வைத்து, ஊர் நடுவில் காத்திருக்கும் மற்றவர்களிடம் இழுத்து வர வேண்டும். இந்த மூன்று வாக்கியத்தை வைத்தே ஜூனியர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். எனக்குத் தெரிந்த போர் மொழிகளில் இவை மூன்றும்தான் ஆகச் சிறந்தவை, அதை மனதாரச் சொல்கிறேன்.

ஹோவர்ட் டெய்லர் என்பவர் 2000 முதல் 2020 வரை இணையத்தில் வரைந்த ஷ்லாக் மெர்சினரி என்ற சித்திரக்கதையில் கூலிப்படைக்காரர்களுக்கான எழுபது வாசகங்கள் வரும். முதல் வாசகம் 'கொள்ளையடி, அப்புறம் கொளுத்து.' நாகரிகம் வளர்த்து நாடு பிடிக்கும் சிவிலைசேஷன் 6 ஆடுபவர்கள் இதைச் சிரித்துவிட்டுக் கடக்கக் கூடாது. எதிரியின் நிலத்தைச் சூறையாடினால் லாபம் உண்டு, பண்ணையைச் சூறையாடினால் அடிபட்ட படைக்கு உயிர் ஏறும். அவசரப்பட்டு நகரத்தைப் பிடித்துவிட்டால் அது நம் நிலம், அப்புறம் சூறையாட எதுவும் இல்லை. வரிசை மாறக் கூடாது என்பதுதான் அந்த வாசகத்தின் முழுச் சாரமும்.

சரி, சினிமா வசனங்கள். இதில் என் அனுபவம் தலைகீழாக நடந்தது. மூலப் படத்தைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வசனத்தைக் கற்றுக்கொண்டேன். 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தில் 'ஷோ மீ த மணி' என்ற ரகசியச் சொல்லைத் தட்டினால் இரண்டு வளங்களும் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொட்டும். எங்களுக்கு அது ஒரு மந்திரம், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்தபின் ஒருநாள் தொலைக்காட்சியில் ஜெர்ரி மக்வயர் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் தொலைபேசியில் அந்த வரியைக் கத்தச் சொல்லி இன்னொருவரைக் கத்த வைக்கிறார். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய நண்பனை முன்பின் தெரியாத ஊரில் பார்த்த மாதிரி இருந்தது.

அதே ஆட்டத்தில் 'கேம் ஓவர் மேன்' என்று தட்டினால் உடனே தோற்றுவிடுவோம். அது 1986-இல் வந்த ஏலியன்ஸ் படத்தில் நம்பிக்கை இழந்த வீரன் ஒருவன் புலம்பும் வரி. புலம்பினால் தோல்வி, எவ்வளவு கச்சிதம் பாருங்கள். அந்தப் படத்தின் சாயல் ஸ்டார்கிராஃப்ட் முழுக்க இருக்கிறது. படைகளை ஏற்றிச் செல்லும் விமானத்தை ஓட்டும் பெண் பேசுவதில் ஒரு பகுதி அப்படியே படத்தின் விமானி பேசுவது. வார்கிராஃப்ட் 3-இல் 'ஐ சீ டெட் பீப்பிள்' என்று தட்டினால் மறைந்திருக்கும் வரைபடம் முழுவதும் தெரியும். தி சிக்ஸ்த் சென்ஸ் படத்தில் அதைச் சொல்லும் சிறுவனுக்கு மற்றவர் கண்ணுக்குப் படாதது தெரியும். பேராசை நல்லது என்று சொல்லும் வால் ஸ்ட்ரீட் பட வசனமான 'கிரீட் இஸ் குட்' தட்டினால் தங்கமும் மரமும் வரும். வசனமும் பலனும் இப்படி ஒட்டியிருக்கும்போதுதான் எனக்கு அது நகைச்சுவை. சும்மா ஒரு படப்பெயரைக் கொண்டுவந்து வைத்தால் அது வெறும் கடவுச்சொல்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் ரசிப்பது பசுமாட்டுக் கதை. டயாப்லோ ஆட்டத்தில் மாட்டைப் பல தடவை க்ளிக் செய்தால் ரகசியமான ஒரு மாட்டுலகம் திறக்கும் என்று வதந்தி. அப்படி எதுவும் இல்லை. இந்த ஆட்டங்களை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனம் அந்த மறுப்பையே ஸ்டார்கிராஃப்டில் ரகசியச் சொல்லாக வைத்தது, 'மாட்டு லெவல் எதுவும் இல்லை' என்று தட்டினால் அந்தச் சுற்றில் வெற்றி. அப்புறம் 2000-இல் டயாப்லோ 2 வந்தபோது நிஜமாகவே ஒரு மாட்டு லெவலைக் கட்டி, இரண்டு காலில் நின்று ஆயுதம் ஏந்தும் மாடுகளை அதில் நிறுத்தினார்கள். ரசிகர்கள் கிளப்பிய வதந்தியை மதித்து அவ்வளவு வேலை செய்திருக்கிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் பெரிய பிரியம் வந்தது.

சிவிலைசேஷன் 4-இல் ஒவ்வொரு தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்கும்போதும் ஒரு மேற்கோளை லெனார்ட் நிமாய் வாசிப்பார், ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக்காக நடித்தவர். செயற்கைக்கோள் வந்ததும் அவர் கம்பீரமான அதே குரலில் 'பீப், பீப், பீப்' என்கிறார். மேற்கோளுக்குச் சொந்தக்காரர் 1957-இல் பறந்த ஸ்புட்னிக் 1. அது உலகுக்குச் சொன்னது அவ்வளவுதானே!

சிவிலைசேஷன் தொடரைப் பற்றிப் பேசினால், அதில் இந்தியத் தலைவராக வந்து அணுகுண்டு வீசும் காந்தியைப் பற்றி யாராவது கேட்பார்கள். 1991-இல் வந்த முதல் ஆட்டத்தில் காந்தியின் மூர்க்கம் 1 என்றும், மக்களாட்சி வந்ததும் அதில் 2 கழிந்து கணக்குப் பிழையால் 255 ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள். அது உண்மையில்லை. அந்த ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையரே 2020-இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் மறுத்துவிட்டார். உண்மையில் நடந்தது 2010-இல், சிவிலைசேஷன் 5-இல். அணுகுண்டு நாட்டத்துக்குப் பத்துதான் உச்சம் என்ற அளவுகோலில் காந்திக்கு வேண்டுமென்றே 12 கொடுத்தார்கள். எனக்கு இந்த வேடிக்கை ஒட்டவில்லை. ஒரு முரணைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை, ஆட்டத்தைப் பற்றி அது எதையும் கற்றுத்தருவதும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் என்றொரு நாகரிகம், உருமி என்ற சுருள்வாளை வீசும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு. வாங்கிப் போட்டு, முதல் குடியானவனைக் க்ளிக் செய்தேன். தமிழில் பதில் சொன்னான். பதினெட்டு வருஷமாக எத்தனையோ மொழியில் 'சரி, செய்கிறேன்' கேட்டுப் பழகிய காதுக்கு அது என்னவோ செய்தது. இரண்டு மூன்று தடவை சும்மாவே க்ளிக் செய்து கேட்டேன். அப்புறம் கைப்பேசியில் பதிவு செய்து, விடுதி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பத்து நிமிஷம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு திண்டுக்கல் சீனியர், இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார், ஓர் எண்ணை மட்டும் அனுப்பினார்: 14. அந்தச் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஐந்து பேர் சேர்ந்தோம்.