புல்தரை முழுவதையும் தோண்டுவதற்கு முன் ஒரு நாள் காலை வால்வு வால்வாகத் திறந்து பாருங்கள்

வணக்கம் தம்பி. டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் வீடு வாங்கிய முதல் கோடையிலேயே புல்தரையின் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது, நடைபாதை ஓரம் எந்நேரமும் சொதசொதவென்று இருக்கிறது, தண்ணீர்க் கட்டணமும் ஏறிவிட்டது, பார்க்க வந்தவர் ஸ்பிரிங்க்ளர் அமைப்பு முழுவதையும் மாற்றச் சொல்கிறார், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். நான் இங்கே குடியேறிய புதிதில் ஒரு ஸோன், அதாவது புல்தரையின் ஒரு பகுதிக்கான ஸ்பிரிங்க்ளர் வரிசை, ஓடவில்லை என்று ஒருவரை அழைத்தேன். அவர் மூன்று வால்வுகளை மாற்றிப் பணம் வாங்கிச் சென்றார், பிறகுதான் பழுது வால்வில் இல்லை, வால்வுப் பெட்டிக்குள் பச்சை பூத்துப்போன ஒரு வயர் இணைப்பில் இருந்தது என்று தெரிந்தது. அதன்பின் முதல் சோதனையை நானே செய்துவிடுகிறேன்.

ஊரில் ஒரு மடையை அடைத்து அடுத்த மடையைத் திறந்து பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ச்சுவார்கள் அல்லவா, இங்கும் அதுதான் நடக்கிறது. கராஜ் சுவரிலுள்ள கன்ட்ரோலர் 24 வோல்ட் மின்சாரம் அனுப்ப, மண்ணில் பதித்த பெட்டிக்குள் இருக்கும் வால்வின் சொலினாய்டு, அதாவது மின்காந்தச் சுருள், அதைத் திறக்கிறது; ஒரு வால்வு பாய்ச்சும் பரப்பே ஒரு ஸோன். ஆகவே வெயில் ஏறுமுன் கன்ட்ரோலரில் ஒவ்வொரு ஸோனையும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கூடவே நடந்து பாருங்கள். ஒரே ஒரு தெளிப்புத் தலை மட்டும் சரியாகத் தெளிக்கவில்லை என்றால் தண்ணீர் பீய்ச்சும் அதன் நாசிலிலோ அடியிலுள்ள வடிகட்டியிலோ மண் அடைத்திருக்கும், அல்லது புல் உயர்ந்து தெளிப்பை மறைத்திருக்கும். செயின்ட் அகஸ்டின் புல்லை மூன்று நான்கு அங்குலம் வளர விடுவதால், நான்கு அங்குலம் எழும்பும் தலை அதற்குப் போதாது. அங்கே ஆறு அங்குலத் தலையைப் பொருத்துங்கள். ஒரு ஸோனின் எல்லாத் தலைகளும் சோர்ந்து பொங்கினால், குழாய் எங்கோ உடைந்திருக்கிறது அல்லது வால்வு முழுதாகத் திறக்கவில்லை. ஸோன் எழவே இல்லை என்றால் மல்ட்டிமீட்டரால் சொலினாய்டின் மின்தடையைப் பாருங்கள்: பெரும்பாலும் 20 முதல் 60 ஓம் வரை காட்ட வேண்டும். அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது என்று பொருள், மாற்றுவது பத்து நிமிட வேலை.

நடைபாதை ஓரத்து ஈரத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸோன் நின்றபின் தாழ்ந்த தலை வழியே சிறிது நேரம் வழிந்து தானே நின்றுவிட்டால், அது குழாயில் தங்கிய தண்ணீர்; தடுப்பு வால்வு உள்ள தலையைப் பொருத்தினால் தீர்ந்துவிடும். நாளெல்லாம் கசிந்தால் அந்த ஸோனின் வால்வு மூடவில்லை. பெரும்பாலும் அதன் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வுக்கு அடியில் ஒரு சிறு கல்லோ மணலோ சிக்கியிருக்கும், திறந்து கழுவினாலே போதும், கிழிந்திருந்தால் டயாபிரத்தை மட்டும் மாற்றலாம். வீட்டுக் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டு தண்ணீர் மீட்டரிலுள்ள சிறு முக்கோணம் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்று, ஸ்பிரிங்க்ளருக்கான அடைப்பு வால்வை மூடியதும் நின்றுவிட்டால் கசிவு அந்தப் பக்கம்தான்.

மஞ்சள் மூலைக்கு நேரத்தைக் கூட்டாதீர்கள். இந்த ஊர் மண் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போன்றது, காய்ந்தால் பிளக்கும், நனைந்தால் உப்பும், தண்ணீரை மிக மெதுவாகவே குடிக்கும். அசையாமல் விசிறிபோலத் தெளிக்கும் ஸ்பிரே தலைகள் மணிக்கு ஒன்றரை அங்குலம் வரை கொட்டுவதால், இருபது நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டால் பாதித் தண்ணீர் தெருவுக்குப் போய்விடும். ஐந்து ஐந்து நிமிடமாக, இடையில் ஒரு மணி நேரம் விட்டு ஓடும்படி வையுங்கள். சுழன்று பீய்ச்சும் ரோட்டர் தலைகள் மெதுவாகப் பொழிபவை, அவற்றுக்குக் கூடுதல் நேரம் தேவை; ஒரே ஸோனில் இரண்டையும் கலந்து வைத்திருந்தால் ஒரு பக்கம் காய்வதும் மறுபக்கம் சேறாவதும் தவிர்க்க முடியாதது, உங்கள் மூலையில் இதையும் பாருங்கள். புல்தரையில் ஆறேழு காலி மீன் டப்பாக்களை வைத்து ஓடவிட்டு அளந்தால் எங்கே குறைகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆயிரம் சதுர அடியில் ஓர் அங்குலம் பாய்ச்ச ஏறக்குறைய 623 கேலன் செலவாகிறது, அதனால் இந்த அளவீடு கட்டணத்தோடும் தொடர்புடையது. பெர்முடா என்று இங்கே சொல்வது நம் அருகம்புல்லின் இனமே. வாடினாலும் மீளும், பதறி வெள்ளம் பாய்ச்ச வேண்டாம்.

குழாய் உடைந்திருந்தால் தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள்களுக்கு முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள், எரிவாயு, மின் கம்பிகள் செல்லும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். புதுத் தலையைப் பொருத்துமுன் நாசிலை மாட்டாமல் ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு உள்ளே விழுந்த மண்ணை வெளியேற்றுங்கள். இதைத் தவறவிட்டால் மறுநாளே அடைத்துக்கொள்ளும்.

குளிர்காலத்தையும் இப்போதே மனத்தில் வையுங்கள். 2021 பிப்ரவரி உறைபனியில் டல்லாஸ் பூஜ்யம் பாரன்ஹீட்டுக்கும் கீழே போனபோது, நிலத்துக்கு மேலே நின்ற என் குழாய் வெடித்தது, அடைப்பு வால்வை நான் மூட மறந்திருந்தேன். உறைபனி அறிவிப்பு வந்ததும் அதை மூடி, பின்னோட்டத் தடுப்பானின் (தோட்டத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் கருவியின்) சோதனைத் திருகுகளைப் பாதி திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, கன்ட்ரோலரையும் நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை நடந்து பார்த்துவிட்டு எந்த ஸோனில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்; அந்த ஈரம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.